கடவுள் வேடம் வேண்டாம் என்ற கேப்டன்: ‘ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ படம், ஒரு நிகழ்வு ஆய்வு

1990-களின் பிற்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸில் சினிமாத் தொழிலின் ஓரத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு நகைச்சுவைத் திரைக்கதை எழுதினார்கள். மார்க் ஆல்ட்மன், அறிவியல் புனைகதைப் படங்களையும் தொடர்களையும் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர். ராபர்ட் மேயர் பர்னெட், எடிட்டர். கதையின் நாயகர்களுக்கும் மார்க், ராபர்ட் என்றே பெயர் வைத்தார்கள். ஒருவன் பத்திரிகை ஆசிரியர், இன்னொருவன் எடிட்டர். மறைக்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். முப்பது வயதை நெருங்கும் இந்த இருவருக்கும் சின்ன வயதிலிருந்து ஒரே ஒரு ஆதர்ச நாயகர்: ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில், விண்கப்பலின் தலைவர் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர்.

முதலில் எழுதிய வடிவத்தில் ஷாட்னர் ரத்தமும் சதையுமான ஆளாக வரவில்லை. நாயகர்கள் குழம்பி நிற்கும்போதெல்லாம் கற்பனையில் தோன்றி, நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு மறையும் குருவாக இருந்தார். அந்த வேடத்துக்கு ஷாட்னரையே கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

குறையே இல்லாத ஒரு தெய்வமாகத் தன்னைத் தானே நடிக்க அவருக்கு விருப்பமில்லை. தன் பெயரிலேயே வருவதென்றால் குறைகளோடு, கேலிக்கு இடம் கொடுக்கிற மனிதனாக வரவேண்டும் என்பது அவர் பக்கத்து யோசனை. எழுதியவர்கள் ஒத்துக்கொண்டு கதையை மாற்றினார்கள். பர்னெட் இயக்கி, 1999-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ என்ற அந்தச் சின்னப் படம் வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் வீடியோவிலும் டிவிடியிலும் தேடிப் பார்க்கும் ஒரு கூட்டம் அதற்குச் சேர்ந்தது. ரசிகர்கள் எழுதிய திரைக்கதையை அவர்களுடைய ஆதர்ச நாயகரே திருத்திக் கொடுத்தார் என்பதுதான் இதில் ஆராய வேண்டிய நிகழ்வு. அந்தத் திருத்தம் ஏன் சரியாக வேலை செய்தது, எங்கே வேலை செய்யவில்லை என்று பார்க்கலாம்.

மாலை நேரத்து அப்பா

முதலில் இந்த ரசிகர்கள் எப்படி உருவானார்கள் என்று தெரியவேண்டும். ‘ஸ்டார் டிரெக்’ 1966 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. பார்வையாளர் எண்ணிக்கை ஒருநாளும் பெரிதாக இருந்ததில்லை. இரண்டாவது பருவத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு வந்தபோது ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். மூன்றாவது பருவம் வந்தது. வந்தாலும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்க்கக்கூடிய இளைஞர்கள் யாரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். 1969-இல் 79 அத்தியாயங்களோடு கடை கட்டியாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். உள்ளூர் நிலையங்கள் அந்த 79 அத்தியாயங்களையும் மலிவாக வாங்கி, தினமும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்த பிறகு, திரும்பத் திரும்பப் போட்டன. வாரம் ஒருமுறை பார்த்தால் அது தொடர். வாரம் ஐந்து நாள், வருடக்கணக்கில் பார்த்தால் அது வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிடும். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் பெரிய ரசிகர் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள். 1976-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்குக் கிர்க்கின் கப்பல் பெயரான ‘எண்டர்பிரைஸ்’ என்பதையே வைத்ததும் ரசிகர்களின் கடிதங்களால்தான்.

ஆல்ட்மனும் பர்னெட்டும் இந்த மறு ஒளிபரப்பின் பிள்ளைகள். அவர்களுக்கு கிர்க் என்பவர் சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு வரும் பெரியவர். சண்டை போடத் தெரிந்தவர், பெண்களிடம் பேசத் தெரிந்தவர், எந்தச் சிக்கலிலும் தோற்க மறுப்பவர். பள்ளியில் அடி வாங்கிவிட்டு வரும் ஒரு பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முடிந்த படத்திலும் கற்பனைக் குரு என்ற பழைய யோசனையின் மிச்சம் இருக்கிறது: சிறுவயதுக் காட்சியில் ஷாட்னர் மாயத் தோழனாக வந்து போகிறார்.

அந்தப் பக்கம் ஷாட்னரின் நிலைமை வேறு. தொடர் நின்றபோது அவருக்கு மணமுறிவு, கையில் பணமில்லை. கோடைகால நாடகங்களில் நடித்துக்கொண்டு, லாரியின் முதுகில் பொருத்திய ஒரு கேம்பரில் படுத்துத் தூங்கிய காலம் அது. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியதை அந்த கேம்பரில் இருந்த குட்டித் தொலைக்காட்சியில்தான் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். விண்கப்பலின் தலைவராக நாட்டின் பாதிப் பிள்ளைகள் கொண்டாடத் தொடங்கிய நேரத்தில் அந்தத் தலைவர் நிஜத்தில் குடியிருந்த இடம் அது. மறு ஒளிபரப்பால் அவருக்குப் புகழ் பெருகியது, வருமானம் அதே அளவுக்குப் பெருகவில்லை. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால் பிற்பாடு அவர் சொன்ன மறுப்பு அவ்வளவு ஆச்சரியமாக இருக்காது.

1986: திட்டிய கேப்டன்

‘ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ பற்றிப் பேசும்போது 1986 டிசம்பர் 20-ஐத் தாண்டிப் போக முடியாது. அன்றுதான் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியை ஷாட்னர் தொகுத்து வழங்கினார். அதில் ஒரு குறுநாடகம். நியூயார்க் மாநிலத்தில் ஒரு ஹோட்டலில் ஸ்டார் டிரெக் மாநாடு. கண்ணாடி போட்ட, பேட்ஜ் குத்திய ரசிகர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து கேள்வி கேட்கிறார்கள். எந்த அத்தியாயத்தில் கிர்க் தன் அறையிலிருந்த பெட்டகத்தைத் திறந்தார், அதன் எண் என்ன? இந்த மாதிரி. ஷாட்னர் முதலில் சிரித்துச் சமாளிக்கிறார். அப்புறம் பொறுமை போய்விடுகிறது. உருப்படியாக ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொள்ளுங்கள், அது வெறும் டிவி நிகழ்ச்சி ஐயா என்று வெடிக்கிறார். ஜான் லோவிட்ஸ் நடித்த ரசிகரைப் பார்த்து, நீ எப்போதாவது ஒரு பெண்ணை முத்தமிட்டிருக்கிறாயா என்று கேட்கிறார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

நிறைய ரசிகர்களுக்கு இது வலித்தது. இத்தனை வருடம் சோறு போட்டவர்களைப் பார்த்தா இப்படிக் கேட்பது என்று கோபம். அந்த நாடகத்தின் முடிவு மட்டும் பலருக்கு நினைவில் இல்லை. மேடையிலிருந்து கோபமாகப் போகும் ஷாட்னரை அமைப்பாளர் பிடித்து ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். உடனே திரும்பி வந்த ஷாட்னர், இவ்வளவு நேரம் நான் நடித்துக் காட்டியது ‘தி எனிமி விதின்’ அத்தியாயத்தில் வந்த கெட்ட கிர்க் என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறார். ரசிகர்களுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த அத்தியாயம் 1966 அக்டோபரில் வந்தது; எழுதியவர் ரிச்சர்ட் மேத்சன். இடம்பெயர்க்கும் கருவியில் ஏற்படும் கோளாறால் கிர்க் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுகிறார். ஒருவர் சாது, இன்னொருவர் முரடர். சாதுவுக்குக் கருணை இருக்கிறது, ஆனால் ஒரு முடிவும் எடுக்கத் தெரியவில்லை. கப்பலை நடத்தும் சக்தி முரடனிடம் போய்விட்டது. கடைசியில் இருவரையும் ஒன்று சேர்த்தால்தான் கேப்டன் கிடைக்கிறார்.

என் பார்வையில் ஆல்ட்மனும் பர்னெட்டும் முதலில் எழுதியது சாது கிர்க்கை மட்டும் வைத்த திரைக்கதை. தொடரை வரி வரியாக மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த அத்தியாயம் மட்டும் ஞாபகம் வரவில்லை போலும். இன்னொரு பாதியைக் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னவர் ஷாட்னர்.

செத்தவரும் உயிரோடு இருப்பவரும்

கற்பனைக் குரு என்ற உத்தி புதிதில்லை. உட்டி ஆலன் நாடகமாக எழுதி, 1972-இல் படமாகவும் வந்த ‘ப்ளே இட் அகைன், சாம்’ அதைத்தான் செய்தது. பெண்களிடம் பேசத் தெரியாத ஒரு சினிமா விமர்சகனுக்கு ஹம்ஃப்ரி போகார்ட் தோன்றித் தைரியம் சொல்வார். ஃப்ரீ எண்டர்பிரைஸின் முதல் வடிவம் அதே அச்சில் வார்த்தது.

ஆனால் போகார்ட் 1957-இலேயே இறந்துவிட்டார். இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார், வயதாகி எடை போட மாட்டார், விளம்பரத்தில் வந்து நிற்க மாட்டார். ஷாட்னரோ இதையெல்லாம் செய்துகொண்டிருந்தார். 1998 வாக்கில் அவர் பிரைஸ்லைன் என்ற இணைய நிறுவனத்துக்காக விமான டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே, 1982-இல் வந்த ‘ஏர்ப்ளேன்’ இரண்டாம் பாகத்தில் தன் கேப்டன் தோரணையைத் தானே நையாண்டி செய்தாயிற்று.

இன்னொன்றும் நடந்திருந்தது. 1994-இல் ஜார்ஜ் டக்கேயும் நிஷெல் நிக்கல்ஸும், 1996-இல் ஜேம்ஸ் டூஹனும் தங்கள் நினைவுக் குறிப்புகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். மூவரும் கிர்க்கின் கப்பலில் பணிபுரிந்தவர்களாக நடித்தவர்கள். படப்பிடிப்புத் தளத்தில் ஷாட்னரின் தன்முனைப்பைப் பற்றிய குறைகள் பொதுவில் வந்துவிட்டன. 1993-இல் வந்த தன் நினைவுப் புத்தகத்திலேயே, சக நடிகர்களுக்குத் தன்மேல் இருந்த கசப்பைக் கேட்டு அதிர்ந்துபோனதை ஷாட்னர் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ‘ஸ்டார் டிரெக்: ஜெனரேஷன்ஸ்’ படத்தில் கிர்க் பாத்திரத்தையே சாகடித்துவிட்டார்கள். ஆக, மாசற்ற ஷாட்னர் என்று ஒருவரைத் திரையில் காட்டினால் அதை நம்பாத முதல் ஆள் ஸ்டார் டிரெக் ரசிகராகத்தான் இருந்திருப்பார். எல்லாப் புத்தகத்தையும் வாங்கிப் படித்தவர் அவர்தானே.

பழைய திரைக்கதை படமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாநாடுகளில் விற்கும் ஒரு கேசட்டாக முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. ரசிகர்கள் ரசிகர்களுக்காக எடுத்த துதிப்பாடல். ஷாட்னரின் மறுப்பு ஒரு பெரிய கதவைத் திறந்தது: ஆதர்ச நாயகரைச் சந்தித்த மறுநாள் என்ன செய்வது என்ற கேள்வி.

சந்தித்த பிறகு

படத்தில் மார்க்காக வருபவர் எரிக் மெக்கார்மக். ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடர் 1998 செப்டம்பரில் தொடங்கி அவரைப் பிரபலமாக்கியது இந்தப் படம் திரைக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான். மார்க் ‘கீக் மன்த்லி’ என்ற பத்திரிகையின் ஆசிரியர். ‘பிராடி பன்ச்’ என்ற பழைய குடும்பத் தொடரில் வரும் பெண்களின் பெயர் கொண்டவர்களைக் குறிவைக்கும் ஒரு கொலைகாரனைப் பற்றிய கதையைத் தயாரிப்பாளர்களிடம் விற்கப் பார்க்கிறான். ராபர்ட்டாக வருபவர் ரேஃபர் வைகல். ராபர்ட் கையில் வரும் பணமெல்லாம் பொம்மைகளுக்கும் லேசர் டிஸ்க்குகளுக்கும் போகிறது. வாடகை, காதல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் புத்தகக் கடையில் ஷாட்னர் நிற்கிறார். நிஜ ஷாட்னர். சினிமாவில் இந்தச் சந்திப்பு வழக்கமாகக் கடைசியில்தான் வரும். இருவர் அலைந்து திரிந்து, தடைகளைத் தாண்டி, கதவு திறக்கும்போது இசை ஏறும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. சும்மா கடையில் மாட்டிக்கொள்கிறார். பேச்சு வளர்ந்து பழக்கமாகிவிடுகிறது. பழகப் பழகத்தான் தெரிகிறது, இந்த ஆளுக்கு இவர்களைவிட அதிகக் குழப்பம். பெண்களிடம் போய்ப் பேசினால் அவமானப்பட்டுத் திரும்புகிறார். கிர்க்கின் உத்திகளைக் கற்றுக்கொண்டு வளர்ந்த பையன்களிடமே கிர்க் யோசனை கேட்கிறார். இந்தத் தலைகீழ் நிலைதான் படத்தின் உயிர். ஷாட்னர் இதை மிகையில்லாமல் செய்கிறார். தான் வேடிக்கையானவன் என்று தெரியாத ஒரு மனிதனாக, முழு நம்பிக்கையோடு பேசுகிறார். நகைச்சுவையில் இது கஷ்டமான வித்தை.

அவருக்கு ஒரு கனவும் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை இசை வடிவில் கொண்டுவர வேண்டும், அதில் வேடங்களை முடிந்தவரை தானே ஏற்க வேண்டும். கேட்டதும் இரண்டு ரசிகர்களின் முகமும் போகிற போக்கு இருக்கிறதே, அதைப் பார்க்கவேண்டும். மறுத்துச் சொல்லவும் முடியாது, ஆமாம் என்று தலையாட்டவும் மனசு வராது.

வெளியாட்களுக்கு இது வெறும் கிறுக்கு. ஷாட்னரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒவ்வொரு கண்ணியும் உண்மை. மான்ட்ரியலில் பிறந்த ஷாட்னர் நாடகத்திலிருந்து வந்தவர். 1956-இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவில், ஐந்தாம் ஹென்றியாக நடித்துக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் பிளம்மருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தபோது, மாற்று நடிகராக இருந்த ஷாட்னர் ஒத்திகையே இல்லாமல் மேடையேறிப் பெயர் வாங்கினார். 1968-இல் ‘தி டிரான்ஸ்ஃபார்ம்டு மேன்’ என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் ஷேக்ஸ்பியர் வசனம், அதோடு அந்தக் காலத்துப் பிரபலப் பாடல்கள். பாடாமல், நாடகத்தனமாகப் பேசியே ஒப்பித்திருப்பார். பல்லாண்டுகளாக அது கேலிப்பொருள். 1978-இல் அறிவியல் புனைகதைப் படங்களுக்கான சாட்டர்ன் விருது மேடையில் ‘ராக்கெட் மேன்’ பாடலை அதே பாணியில் சொன்னதும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

படத்தின் ஜூலியஸ் சீசர் கனவு இந்த இரண்டு ஷாட்னரையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது: நல்ல நாடக நடிகரையும், சிரிப்புக்கு இடமான பாடகரையும். இப்படி ஒரு நகைச்சுவையை ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு எழுதுபவர் எழுதியிருக்க முடியாது. அந்த இசைத்தட்டை வாங்கி, சிரித்துச் சிரித்துக் கேட்டு, கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பிடித்தும்போய்விட்ட ஒருவரால்தான் முடியும். முடிவில் ஷாட்னர் மேடையேறி, தி ரேட்டட் ஆர் என்ற ராப் பாடகரோடு சேர்ந்து சீசரின் மரணத்தைப் பாடுகிறார். மார்க் ஆண்டனியின் இரங்கல் உரை ராப் தாளத்தில் வருகிறது. முதல் சில நொடிகளுக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்புறம் தாளம் பிடித்துக்கொள்கிறது. இந்த மனிதர் முழு மனதோடு செய்கிறார் என்பது புரிந்ததும் நம் கேலி எங்கோ போய்விடுகிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முப்பது வயதுப் பூச்சாண்டி

மார்க்குக்கு முப்பது வயது ஆவதில் பெரிய பயம். அதையும் சினிமா வழியாகத்தான் பயப்படுகிறான். 1976-இல் வந்த ‘லோகன்ஸ் ரன்’ படத்தில் முப்பது வயதானவர்களை வாழவிடாத ஓர் எதிர்கால நகரம். உள்ளங்கையில் பதித்த கல் சிமிட்டத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மார்க்கின் கெட்ட கனவு அந்த உலகத்தில் நடக்கிறது. நல்ல கற்பனை. ‘தி ராத் ஆஃப் கான்’ என்ற ஸ்டார் டிரெக் படத்திலும் கிர்க் ஒரு பிறந்தநாளன்று வயதாகிவிட்டதே என்று உட்கார்ந்து வருந்துவார் என்பது தெரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு அடுக்கு கிடைக்கும்.

ஆனால் இங்கேதான் ஷாட்னரின் திருத்தம் எட்டாத பகுதியும் தொடங்குகிறது. தங்கள் ஆதர்ச நாயகரைக் குறையுள்ள மனிதராக்க ஒத்துக்கொண்ட எழுத்தாளர்கள், தங்களை அந்த அளவுக்கு வெட்டிப் பார்க்கவில்லை. மார்க்கும் ராபர்ட்டும் சாமர்த்தியமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்சம் சுயநலமிகள், கொஞ்சம் பொறுப்பற்றவர்கள் என்று படம் சொல்கிறது; சொல்லிவிட்டு உடனே தட்டிக்கொடுத்துவிடுகிறது. 1996-இல் வந்த ‘ஸ்விங்கர்ஸ்’ படத்தோடு இதைப் பலர் ஒப்பிட்டார்கள், பேட்ரிக் வான் ஹார்ன் இரண்டிலும் நடித்திருக்கிறார். அந்தப் படம் தன் நாயகனின் பரிதாபத்தை நீண்ட நேரம் கண் எடுக்காமல் பார்த்தது. இது அடுத்த சினிமாக் குறிப்புக்குத் தாவிவிடுகிறது.

பெரிய பலவீனம் கிளேர். ஆடி இங்கிலாந்து நடித்த இந்தப் பெண்ணை ராபர்ட் காமிக்ஸ் கடையில் சந்திக்கிறான். அழகு, அறிவு, காமிக்ஸ் படிப்பவள், அவன் பேசும் ஒவ்வொரு மேற்கோளும் புரிந்தவள். அவளுக்கென்று ஒரு கிறுக்கு, ஒரு தோல்வி, ஒரு ஜூலியஸ் சீசர் கனவு எதையும் எழுதியவர்கள் கொடுக்கவில்லை. ஷாட்னர் ஏற மறுத்த பீடத்தில் கடைசியில் கிளேரை ஏற்றி உட்காரவைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். அவள் ராபர்ட்டைத் திருத்த வந்தவள், அவ்வளவுதான். ஸ்டார் டிரெக் ரசிகர் உலகத்தைக் கட்டியதில் பெண்களின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் இது இன்னும் உறுத்தும். மூன்றாவது பருவத்தைக் காப்பாற்றிய கடித இயக்கத்தை முன்னின்று நடத்தியவரே பிஜோ டிரிம்பிள் என்ற பெண்மணி. படத்தைப் பார்த்தால் இந்த உலகத்தில் பெண் என்பவள் எங்கோ அபூர்வமாகக் காமிக்ஸ் கடையில் அகப்படும் அதிசயம் என்று தோன்றும்.

அதே ஆண்டு, இன்னொரு வழி

1999 கிறிஸ்துமஸ் அன்று டிரீம்வொர்க்ஸ் ‘கேலக்ஸி குவெஸ்ட்’ படத்தை வெளியிட்டது. டீன் பாரிசோ இயக்கம். டிம் ஆலன், சிகோர்னி வீவர், ஆலன் ரிக்மன். சுமார் நாலரைக் கோடி டாலர் செலவு, உலகம் முழுதும் அதைப்போல் இரண்டு மடங்கு வசூல். பழைய விண்வெளித் தொடர் ஒன்றின் நடிகர்களை நிஜமான வேற்றுக்கிரகவாசிகள் அழைத்துப்போகிறார்கள். அவர்கள் அந்தத் தொடரை வரலாற்று ஆவணம் என்று நம்பியவர்கள். பெயர்கள் எல்லாம் புனைவு, ஆனால் டிம் ஆலனின் கேப்டன் யாரைப் பார்த்து வரைந்தது என்பது குழந்தைக்கும் தெரியும்.

இரண்டு படத்திலும் 1986-இன் எதிரொலி கேட்கிறது. கேலக்ஸி குவெஸ்ட் அதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஜஸ்டின் லாங் நடித்த பிராண்டன் என்ற பையன் கப்பலின் இயந்திரங்கள் பற்றி நுணுக்கமாகக் கேட்க, கேப்டன் எரிந்து விழுகிறார்: அது வெறும் டிவி நிகழ்ச்சி. பிறகு உயிர் போகும் நேரத்தில் அதே பையனைக் கூப்பிட்டு வழி கேட்க வேண்டிவருகிறது. அதெல்லாம் உண்மைதான் என்று சொன்னதும் பையன் ஒரு நொடியும் தயங்குவதில்லை, எனக்குத் தெரியும் என்று குதிக்கிறான். ரசிகனின் அறிவுக்கு மரியாதை கிடைத்துவிட்டது, எல்லாரும் கைதட்டலாம்.

படமாக எடைபோட்டால் கேலக்ஸி குவெஸ்ட்தான் சிறந்த படம். கட்டுக்கோப்பும் நடிப்பும் அதற்கு அதிகம். ஆனால் அது ரசிகனின் கனவை மெய்யாக்கிக் கொடுக்கிறது: கப்பல் நிஜம், கேப்டன் கடைசியில் கேப்டனாகவே ஆகிவிடுகிறார். ஃப்ரீ எண்டர்பிரைஸில் கப்பல் நிஜமாவதில்லை. கேப்டன் என்று ஒருவர் இல்லை. வயதான, தனிமையான, இன்னும் ஆசை அடங்காத ஒரு நடிகர் இருக்கிறார். அவரோடு சேர்ந்து சாப்பிடலாம், அவருடைய மோசமான யோசனைக்கு உதவலாம். அவ்வளவுதான் கிடைக்கும், அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. உண்மைப் பெயரோடு உண்மை மனிதரே வந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. புனைபெயரில் ஒரு கேப்டனை வைத்திருந்தால் சீசர் பாட்டு வெறும் பாட்டாக நின்றிருக்கும்.

நடிகர்கள் தங்கள் பெயரிலேயே தங்களைக் கேவலமாகக் காட்டிக்கொள்வது ஷாட்னர் கண்டுபிடித்த உத்தி ஒன்றுமில்லை. ‘தி லாரி சாண்டர்ஸ் ஷோ’ தொடர் 1992 முதலே அதைச் செய்தது. 1999 இலையுதிர் காலத்தில் வந்த ‘பீயிங் ஜான் மால்கோவிச்’ படத்தில் நடிகர் ஜான் மால்கோவிச் தன் தலைக்குள்ளேயே எல்லாரையும் நுழையவிட்டார். ஆனால் அறிவியல் புனைகதை ரசிகர்களின் வட்டத்துக்குள், ஓர் ஆதர்ச நாயகர் தானாக முன்வந்து பீடத்தை விட்டு இறங்கியதற்கு இது முந்திய உதாரணங்களில் ஒன்று. ‘தி பிக் பேங் தியரி’ தொடரில், பிந்தைய ஸ்டார் டிரெக் தொடர் ஒன்றில் நடித்த வில் வீட்டன் தன் பெயரிலேயே வில்லத்தனம் செய்ததையும், 2019-இல் அதே தொடரில் ஷாட்னரே வந்து உட்கார்ந்து விளையாடியதையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பாதை பழகியதாகத் தெரியும்.

பிறகு

ஷாட்னர் அதே 1999-இல் ரசிகர் மாநாடுகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பு, 1986-இல் ரசிகர்களைப் பார்த்துக் கத்திய அதே வரி. உள்ளே இருப்பது திட்டு இல்லை. இத்தனை வருடம் தான் சரியாகக் கவனிக்காத மனிதர்களைப் புரிந்துகொள்ளும் முயற்சி. 2004-இல் பென் ஃபோல்ட்ஸ் தயாரிப்பில் ‘ஹேஸ் பீன்’ என்ற இசைத்தட்டு வந்தது. அதே பேசும் பாணி. இந்தமுறை விமர்சகர்கள் பாராட்டினார்கள். அதே ஆண்டு ‘தி பிராக்டிஸ்’ தொடரிலும், அடுத்த ஆண்டு ‘பாஸ்டன் லீகல்’ தொடரிலும் டென்னி கிரேன் என்ற வழக்கறிஞராக நடித்ததற்கு எம்மி விருதுகள். தன் பெருமையைத் தானே நம்பும், மறதி தொடங்கிவிட்ட, சிரிக்கவும் பரிதாபப்படவும் வைக்கும் கிழவர் அந்த டென்னி கிரேன். ஒரு சின்னப் படத்தால் இதெல்லாம் வந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் ஃப்ரீ எண்டர்பிரைஸில் பார்த்த மனிதரின் நெருங்கிய உறவினர் டென்னி கிரேன் என்று சொன்னால் தப்பில்லை.

எழுதிய இருவரும் ரசிகர் உலகத்தை விட்டுப் போகவில்லை. ஆல்ட்மன் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதித் தயாரித்தார்; எட்வர்ட் கிராஸுடன் சேர்ந்து 2016-இல் ஸ்டார் டிரெக்கின் ஐம்பது ஆண்டு வரலாற்றைச் சம்பந்தப்பட்டவர்களின் வாய்மொழியாகவே தொகுத்தார். பர்னெட், ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற பிந்தைய ஸ்டார் டிரெக் தொடர் புளூ-ரேயில் வந்தபோது அதற்கான ஆவணப் படங்களைத் தயாரித்தவர்களில் ஒருவர். ‘ஆக்ஸனார்’ என்ற ஸ்டார் டிரெக் ரசிகர் படத்தின் முன்னோட்டக் குறும்படத்தை எடிட் செய்தார். ரசிகர்களிடம் பெரும் தொகை திரட்டிய அந்தத் திட்டத்தின் மீது ஸ்டார் டிரெக்கின் உரிமை வைத்திருந்த சி.பி.எஸ்.ஸும் பாராமவுண்டும் 2015 டிசம்பரில் பதிப்புரிமை வழக்குப் போட்டன. 2017 தொடக்கத்தில் சமரசமானது. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த உலகத்தைத் தாங்களே தயாரிக்க எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அந்த வழக்கு ஒரு தனி ஆய்வு கேட்கும்.

ஃப்ரீ எண்டர்பிரைஸுக்கு இரண்டாம் பாகம் எடுக்கும் பேச்சு சில வருடம் ஓடியது. வரவில்லை. வந்திருந்தாலும் எதை வைத்து எடுத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. முதல் படத்தின் மொத்த அதிர்ச்சியும், கிர்க் என்று நினைத்துப் போனவர்களுக்கு ஷாட்னர் கிடைத்தார் என்பதில்தான் இருந்தது. 2005-க்குப் பிறகு ஷாட்னர் இப்படிப்பட்ட ஆள் என்பது அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அதற்கு விருதும் கொடுத்தாயிற்று. வேண்டுமானால் கிளேரை வைத்து ஒரு கதை எழுதலாம். அவளுக்கும் ஓர் ஆதர்ச நாயகி இருந்திருப்பாள்.